தொட்டிலில் தொடங்கும் நோய்

திருமணப் பந்தியிலும் கோயில் அன்னதானத்திலும் பாயசம் பரிமாற வரும்போது, "எனக்கு வேண்டாம், இனிப்பு நீர்" என்று கையசைப்பவர் ஒருவரையாவது நாம் காணாமல் இருப்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. இந்தியரை மட்டும் தனியே கணக்கிட்டபோது அந்த எண் 31.4 ஆக இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

இது ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். "அது நம் இரத்தத்திலேயே உள்ளது" என்பார் ஒருவர். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் நாம்" என்பார் மற்றொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எத்தகைய வீட்டில் பிறந்தார், அவருடைய தாய் கருவுற்றிருந்தபோது என்ன உண்டாள், தொட்டில் கட்டிய இடத்தில் நல்ல நீரும் காற்றும் இருந்தனவா என்பதே அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்று தருகிறது. அந்த வரலாற்றை இன்று நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1901-ஆம் ஆண்டில் கிள்ளான் ஒரு சிறு நகரம். மக்கள்தொகை மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல். அவ்வாண்டு செப்டம்பரில் அதனருகே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது அதுவே. திறந்த சில வாரங்களுக்குள் இரயில்வே ஊழியர், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவோர், எழுத்தர் என்று எல்லாரும் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் நிலை ஏற்பட்டது. அந்தக் காய்ச்சல் மலேரியா.

கிள்ளானுக்கு அப்போது மருத்துவ அதிகாரியாக வந்திருந்தவர் மால்கம் வாட்சன் என்னும் இளைஞர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவைக் கொண்டு, நகரத்தின் உள்ளேயும் துறைமுகத்தைச் சுற்றியும் இருந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, நிழல்தரும் காட்டையும் அழிக்க வேண்டும் என்று வாட்சன் வற்புறுத்தினார். அரசாங்கமும் இணங்கியது.

அதன் பயனை எண்களிலேயே காணலாம். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். இதில் மற்றொரு செய்தியும் உண்டு. காய்ச்சல் அல்லாத பிற நோய்களால் இறந்தோர் தொகையும் 214-இலிருந்து 85 ஆகக் குறைந்தது. மலேரியாவால் தளர்ந்த உடலையே வயிற்றுப்போக்கும் சளிச்சுரமும் எளிதில் கொண்டுபோயின என்பது இதனால் விளங்கிற்று.

அதன்பின் வாட்சன் செய்த வேலைதான் நம் பொருளுக்கு நேரே வருகிறது. அவர் குழந்தைகளைச் சோதித்தார். பெரியவர் ஓர் ஊரில் காய்ச்சலை வாங்கிக்கொண்டு வேறோர் ஊருக்கு வந்திருக்கலாம். சிறு குழந்தை அப்படியன்று. அது வாழும் இடத்தின் நோயையே தன் உடலில் காட்டும். 1904-ஆம் ஆண்டில் கிள்ளான் நகரில் 173 குழந்தைகளின் இரத்தத்தைப் பார்த்ததில் ஒரே ஒரு குழந்தையிடம் மலேரியாக் கிருமி இருந்தது. துறைமுகத்தில் 87 குழந்தைகளுள் ஒன்று. ஆனால் வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தில் 298 குழந்தைகளுள் 101 குழந்தைகளிடம் அக்கிருமி இருந்தது.

ஒரே மாவட்டம். ஒரே மழை, ஒரே வெயில். நகரத்துக் குழந்தைக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சில கல் தொலைவில் பிறந்த குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. இந்த வேற்றுமை இரத்தத்தால் வந்ததும் அன்று, பழக்கத்தால் வந்ததும் அன்று. அரசாங்கத்தின் மண்வெட்டி எந்த எல்லையில் நின்றதோ, அந்த எல்லையில் வந்த வேற்றுமை அது.

அந்த எல்லைக்கு வெளியேதான் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. அங்குதான் நம் முன்னோரில் பெரும்பாலோர் வந்து இறங்கினர். மலைச்சரிவில் இருந்த தோட்டங்களில் வேறொரு வகைக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகியது. அங்கே காட்டை அழித்தால் நோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. வாட்சன் பின்னர் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அந்தக் கொசுவை ஒடுக்கும் வழிகள் காணப்பட்டன. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இடையில் பிறந்த குழந்தைகள் வீங்கிய மண்ணீரலோடும் வெளுத்த முகத்தோடும் வளர்ந்தன.

இங்கே உணவைப் பற்றிய ஒரு செய்தியையும் கூறவேண்டும். வாழ்க்கைமுறை நோயைத் தரும் என்பது போலவே, நோயைத் தடுக்கவும் செய்யும். அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இறுதியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் உழைத்த தமிழரிடையே அந்நோய் மிக அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டு தொடங்கி பிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டவர்களிடையேதான் நோய் பரவிற்று. கோலாலம்பூரில் இருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் இதை மேலும் ஆராய்ந்து உறுதி செய்தனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அறிவியல் நூல் எதையும் படித்து இதைச் செய்யவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. எனவே ஏழையின் பழக்கம் என்றாலே கெட்ட பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் புழுங்கல் அரிசி பெரிபெரியிலிருந்து காத்ததேயன்றி, லயத்து வாழ்க்கையின் மற்றக் கேடுகளிலிருந்து காக்கவில்லை. வரிசையாகக் கட்டிய லயங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழும். சமையல் வாசலில். பல தோட்டங்களில் கழிப்பிடம் போதாது, இருந்ததும் பயன்படும் நிலையில் இராது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. 1915-க்குப் பின் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் டார்லிங் என்பவர் தலைமையில் வந்த மருத்துவக் குழு, இந்நாட்டில் கொக்கிப்புழுவும் மலேரியாவும் சேர்ந்து தொழிலாளரின் இரத்தத்தை எவ்வாறு வற்றச் செய்கின்றன என்பதை ஆராய்ந்தது. இரத்தம் வற்றிய தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்தே பிறக்கும். இதை நாம் மறவாதிருப்போமாக. சற்றுப் பின்னர் இது தேவைப்படும்.

பிறந்த குழந்தையின் நாள் எப்படித் தொடங்கியது? விடியுமுன் பெரட்டுக்குச் சங்கு ஊதும். தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போகவேண்டும். அவள் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். இடையில் குழந்தை பசித்து அழுதால் கஞ்சித்தண்ணீர், அல்லது டின்னில் வரும் இனிப்புப் பால். அந்தப் பாலில் சர்க்கரை மிகுதி, சத்துக் குறைவு. 1939-இல் சிங்கப்பூரில் குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாக இத்தகைய பாலை விளம்பரப்படுத்தி விற்பதைக் கொலைக்கு ஒப்பானது என்று வெளிப்படையாகப் பேசினார்.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களில் மருத்துவ வசதி, குழந்தைகளுக்குப் பள்ளி முதலியவற்றை வேண்டின. சட்டத்தை மதித்த தோட்டமும் உண்டு, ஒப்புக்குச் செய்த தோட்டமும் உண்டு. ஆனால் சம்பளத்தைப் பாருங்கள். 1920-களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் காசில் முட்டையும் பாலும் வாங்குவது எங்ஙனம்? அதே வேளையில் கள்ளுக்கடை மட்டும் லயத்துக்கு அருகிலேயே அனுமதியோடு நடந்தது.

இதே காலத்தில் பிரிக்பீல்ட்சைப் பார்ப்போம். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அவ்விடம் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்றியோர் பலர் அங்கே வாழ்ந்தனர். 1904-இல் விவேகானந்த ஆசிரமம் அங்கே அமைந்தது. ஆங்கிலப் பள்ளிகளும் மருத்துவமனையும் நகரத்திலேயே இருந்தன. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. அந்த வட்டாரத்திலேயே தண்டவாள வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் நெருக்கமான கூலிவரிசைகளில் வாழ்ந்தனர். பேசிய மொழி ஒன்று, கும்பிட்ட தெய்வம் ஒன்று, சமைத்த உணவும் ஏறக்குறைய ஒன்று. ஆயினும் எழுத்தரின் பிள்ளை பள்ளி சென்று எழுத்தராயிற்று, மருத்துவராயிற்று. தொழிலாளியின் பிள்ளை தந்தை செய்த வேலைக்கே சென்றது. நோய் தமிழர் என்னும் இனத்தைப் பார்த்து வந்ததாயின், இவ்விரு வீடுகளுக்கும் ஒன்றுபோல் அல்லவா வந்திருக்கவேண்டும்? நோய் வீட்டைப் பார்த்தே வந்தது.

தோட்டத் தொழிலாளர் இதை உணராமல் இல்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அந்தப் போராட்டம் சம்பள உயர்வுக்காக மட்டும் நடந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் அதில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலைநாளை ஒழிக்கவேண்டும் என்பதும் இருந்தது. சுகாதாரத்தைப் பற்றிய நல்ல நூல் எதுவும் இவற்றுக்கு மேல் அதிகம் கேட்டுவிட முடியாது. அரசாங்கமோ படையை அழைத்தது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் போர் வந்தது. சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பெரும் பகுதியினர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டுகளில் கருவிலும் தொட்டிலிலும் இருந்தவர்களே இன்று நம்மிடையே எண்பதைத் தாண்டிய மூத்தோர்.

நாடு விடுதலை பெற்ற 1957-இல், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அது பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமப்புறங்களில் சுகாதார நிலையங்களும் தாதியரும் பெருகியதால் விளைந்த நன்மை இது. ஆனால் இங்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டதால், கிராமத்துக்குக் கிடைத்த வசதிகள் நெடுங்காலம் தோட்டத்து வாயிலோடு நின்றன. 1904-இல் நாம் கண்ட கோட்டின் மறுவடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

1950-களிலிருந்தே பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரங்களாயின. சீஃபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் இன்று சுபாங் ஜெயா நிற்கிறது. வீட்டையும் வேலையையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சென்றன. நாள்தோறும் கல் கணக்கில் நடந்த கால்கள் லாரியிலும் தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னும் காவல்கூண்டிலும் அமர்ந்தன. உணவில் குறைவு நீங்கியது. சர்க்கரையும் எண்ணெயும் மலிவாயின. மலேரியா போன பின் இனிப்பு நீர் வந்தது.

இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? இதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். 1986-ஆம் ஆண்டில் அவரும் ஆஸ்மண்ட் என்பவரும் ஒரு வரைபடத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டனர். 1920-களில் எந்த வட்டாரங்களில் குழந்தைகள் மிகுதியாக இறந்தனவோ, ஏறக்குறைய அதே வட்டாரங்களில்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பெரியோர் இதயநோயால் மிகுதியாக இறந்தனர். பின்னர் ஹெர்ட்பர்ட்சயர் என்னும் மாவட்டத்தில் மருத்துவத் தாதியர் 1911 முதல் எழுதிவைத்திருந்த பழைய பேரேடுகள் கிடைத்தன. பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களிடையே, முதிர்ந்த வயதில் இதயநோயும் நீரிழிவும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

இதன் விளக்கம் எளிது. கருவில் இருக்கும் குழந்தை, தாயின் வழியே வெளியுலகத்தை அறிகிறது. உணவு குறைவாக வந்தால், பஞ்சமான உலகில் பிறக்கப்போகிறோம் என்பதற்கேற்ப உடல் தன்னை அமைத்துக்கொள்கிறது. மூளையைக் காத்து, தசையையும் கணையத்தையும் சிக்கனமாக வளர்க்கிறது. வாழ்நாள் முழுதும் குறைவாகவே உண்டால் இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். பஞ்சத்துக்கென்று அமைந்த உடலுக்குப் பின்னாளில் மிகுதியான உணவும் குறைந்த உழைப்பும் வாய்த்தால், கணையம் ஈடுகொடுக்க முடியாமல் தளர்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நிலவியபோது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோதும், அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருந்தது.

இந்தியாவில் புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக் மற்றொன்றைக் கண்டார். அங்குள்ள கிராமத்துக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையில் பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகளோ 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் இந்தியக் குழந்தைகளின் உடலில் கொழுப்பு மட்டும் அந்த அளவு குறையவில்லை. குறைந்தது தசையே. மெலிந்து தோன்றும் குழந்தைக்குள்ளேயே பின்னாளைய நோய்க்கு விதை இருந்தது.

தனியொருவரைக் காட்டி, இவருடைய இனிப்பு நீருக்கு அவருடைய பாட்டியின் பட்டினிதான் காரணம் என்று எவரும் கூற முடியாது. மரபுக்கும் பங்குண்டு, உணவுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு சமூகத்தையே எடுத்துக்கொண்டால் நிலை வேறு. மூன்று தலைமுறையாக இரத்தம் வற்றிய தாய்மாருக்குப் பிறந்து, பால்குறைந்து வளர்ந்து, ஒரே தலைமுறையில் நகரத்து உணவுக்குள் வந்து சேர்ந்த சமூகத்தில் இந்நோய் பெருகுவதை வாயடக்கம் இல்லாமையின் விளைவு என்று மட்டும் சொல்வது நீதியாகாது.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் பழமொழி. பழக்கத்தைத்தான் அது சொல்கிறது. தொட்டிலில் கிடைத்த உடலும் சுடுகாடு மட்டும் வருகிறது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இது பழங்கதையும் அன்று. 2018-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெப் வெளியிட்ட, கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றிய ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 22 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததைக் காட்டியது. நூற்றுக்கு 15 குழந்தைகள் எடை குறைந்திருந்தன. அதே மாடிகளில் உடல் பருத்த பிள்ளைகளும் பலர் இருந்தனர். குட்டையாய் வளர்ந்தவரும் பருத்தவரும் ஒரே மாடியில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இருப்பதைக் காணும்போது, அடுத்த அரை நூற்றாண்டின் நோய்கள் அங்கே உருவாகிக்கொண்டிருப்பதை நாம் உணர்கிறோம். கருவுற்ற தாய்க்கே சர்க்கரை மிகுந்திருந்தால், அவள் குழந்தைக்கும் பின்னாளில் அந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குறைவும் கேடு, மிகுதியும் கேடு.

நாம் செய்யக்கூடியவை பல. கருவுற்றது தெரிந்தவுடன் தாய்சேய் நலக் கிளினிக்கில் பதிந்துகொள்வதும், இரத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வதும் முதல் கடமை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்குத் தாய்க்கு வேலையிடத்தில் விடுப்பு வேண்டும். பிள்ளையின் புட்டியிலும் பள்ளிச் சிற்றுண்டியிலும் இனிப்புப் பாலைக் குறைக்கவேண்டும். இவை குடும்பம் செய்யவேண்டியவை. விளையாட இடமும் நல்ல காற்றும் உள்ள குடியிருப்பு, கைக்கெட்டும் விலையில் காய்கறியும் மீனும் முட்டையும், உழைப்புக்கேற்ற ஊதியம் ஆகியவை குடும்பம் தானாகச் செய்துகொள்ள முடியாதவை. அவற்றை ஊராட்சியும் அரசும் முதலாளிமாரும் செய்தல் வேண்டும். கிள்ளான் தொழிலாளர் 1941-இல் கேட்டவை பெரும்பாலும் இவைதாமே.

1901-க்கும் 1902-க்கும் இடையே கிள்ளான் நகரத்து மக்களின் இரத்தம் மாறிவிடவில்லை. அவர்களுடைய குணமும் மாறிவிடவில்லை. நிலத்தில் தேங்கிய நீர் வடிந்தது, காய்ச்சலால் இறப்போர் தொகை 368-இலிருந்து 59 ஆயிற்று. நீரிழிவை அவ்வளவு விரைவில் வடித்துவிட முடியாது. அது தலைமுறை கணக்கில் சேர்ந்தது, தலைமுறை கணக்கில்தான் குறையும். ஆயினும் அதன் தொடக்கம் எங்கே என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. இன்று ஏதோ ஓர் அடுக்குமாடியில் கட்டப்படும் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு, ஐம்பது வயதில் நல்ல உடல் இருக்கவேண்டுமானால், அதற்கான வேலையை நாம் இவ்வாண்டே தொடங்கியாக வேண்டும்.